ஓடிய காலுக்கே சோறு சேரும்

கேள்வி:

என் மகனுக்கு 17 வயது. உயர்தரம் படிக்கிறான். பாடசாலை அணியில் 400 மீற்றரும் 1500 மீற்றரும் ஓடுகிறான். இந்த முறை எப்படியும் மாகாண மட்டத்துக்குப் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். விடிய ஐந்தரைக்கு வெறும் வயிற்றோடு மைதானத்துக்குப் போவான். வந்து குளித்துவிட்டு வெறுந்தேத்தண்ணியும் இரண்டு பிஸ்கட்டும். பிறகு பாடசாலை, பின்னேரம் ரியூசன். மத்தியானச் சோறு இரண்டரை மணிக்குத்தான். “கடைசி நூறு மீற்றரில் கால் இரண்டும் கல்லாகிவிடுகிறது அம்மா” என்கிறான். இதைக் கேள்விப்பட்ட என் தம்பி கனடாவிலிருந்து ஒரு பெரிய ரின் கிரியேற்றின் பவுடர் அனுப்பியிருக்கிறார். பீ.சி.ஏ.ஏ. என்று இன்னொரு ரின்னும் வந்திருக்கிறது. ஜிம்முக்குப் போகும் பெடியள் இதைக் குடித்தால் “பவர்” ஏறும் என்கிறார்கள். என் கணவரின் தமையன் வவுனியாவில் சிறுநீரகக் கிளினிக்குக்குப் போய் வருபவர் என்பதால் எனக்கு இந்த ரின்களைப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

நாங்கள் வெள்ளிக்கிழமைகளில் மச்சம் சமைப்பதில்லை. வற்றாப்பளை அம்மன் பொங்கல் காலத்தில் தொடர்ந்து சைவம்தான். பிள்ளைக்குப் பெலன் குறைவது அதனாலோ?

இன்னொன்று. எனக்கு 46 வயது. மூன்று வருடமாகச் சீனி வருத்தம், குளிசை எடுக்கிறேன். எங்கள் ஊர் அகிலத்திருநாயகி அம்மா 72 வயதில் வெளிநாடு போய்த் தங்கம் வென்று வந்ததைப் பார்த்த பிறகு நானும் நடக்கத் தொடங்கியிருக்கிறேன். இந்த வயதுக்குப் பிறகும் தசையில் சக்தி சேருமா?

— ஒரு தாய், முள்ளியவளை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்கள் பின்னால் வரும். கிரியேற்றின் ரின்னை மூடி வையுங்கள். 18 வயதுக்கு முன் அது உங்கள் மகனுக்குத் தேவையில்லை. பீ.சி.ஏ.ஏ. ரின்னால் அவனுடைய ஓட்டத்துக்குச் சொல்லும்படியாக ஒரு பயனும் இல்லை. வெள்ளிக்கிழமைச் சைவத்தின் மேல் பழி போட வேண்டாம். 400 மீற்றரின் கடைசி நூறில் கால் கனப்பது உலகச் சம்பியனுக்கும் உள்ளதுதான். ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்துவது வேறொன்று: விடிய ஓடிவிட்டு வரும் பிள்ளை மத்தியானம் இரண்டரை மணிவரை இரண்டு பிஸ்கட்டோடு இருக்கிறான். கவனிக்க வேண்டிய இடம் அதுதான். உங்களைப் பற்றிய கேள்விக்கு ஒரே சொல்லில் பதில்: சேரும். 46இலும் சேரும், 72இலும் சேரும்.

தசைக்குள் என்ன இருக்கிறது?

தசை சுருங்குவதற்கு நேரடியாகச் செலவாகும் பொருள் ஏ.ரி.பி. ஒன்றுதான். சோறோ மீனோ எதைச் சாப்பிட்டாலும் அது கடைசியில் ஏ.ரி.பி. ஆக மாறித்தான் கால் அசையும். ஆனால் அதன் கையிருப்பு மிகச் சிறிது. முழு வேகத்தில் ஓடினால் இரண்டு மூன்று விநாடிக்கே காணும். ஆகவே செலவானதைத் தசை அந்தந்தக் கணமே திரும்ப ஆக்கிக்கொள்ள வேண்டும்.

அதற்கு முதலில் கைகொடுப்பது பொஸ்போகிரியேற்றின். தசையில் இது ஏ.ரி.பி.யைவிட மூன்று நான்கு மடங்கு இருக்கும். வெடித்துப் புறப்படும் முதல் பத்து விநாடியில் பெரும் பங்கு இதனுடையது. 100 மீற்றர், உயரம் பாய்தல், கரப்பந்தில் எழும்பி அடிக்கும் அடி எல்லாம் இந்தச் சரக்கில் நடப்பவை.

அடுத்தது கிளைக்கோசன். சோற்றிலும் புட்டிலும் இருக்கும் மாப்பொருள் குளுக்கோசாகி, சங்கிலியாகக் கோக்கப்பட்டுத் தசையில் தங்குவதுதான் இது. வளர்ந்த ஒருவரின் தசைகளில் எல்லாமாக 300 முதல் 500 கிராம்வரை இருக்கும். ஈரலில் 80 முதல் 100 கிராம் இருக்கும். ஈரலில் உள்ளது இரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் போகும். தசையில் உள்ளதோ அந்தத் தசைக்கு மட்டும்தான். கைத்தசையில் எவ்வளவு இருந்தாலும் கால் அதைக் கடன் வாங்க முடியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இவை தவிரக் கொழுப்பு இருக்கிறது. மெலிந்தவர் உடம்பிலும் அது நாட்கணக்கில் நடக்கப் போதுமான அளவு உண்டு. ஆனால் அதிலிருந்து சக்தி மெதுவாகத்தான் வரும். நடைக்குச் சரி. 400 மீற்றருக்கு அந்த வேகம் காணாது.

இப்போது உங்கள் ஊர் உதாரணத்துக்கே வருவோம். திருமதி அகிலத்திருநாயகி 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் வேகநடையிலும் தங்கம் வென்றார். 800 மீற்றரில் வெண்கலம். இந்த மூன்றில் ஒன்றுகூடப் பத்து விநாடிச் சரக்கை நம்பிய போட்டி இல்லை. நல்ல பயிற்சியுள்ள ஓட்டவீரர்களை வைத்து அவுஸ்திரேலியாவில் செய்து 2001இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 400 மீற்றரில் செலவாகும் சக்தியில் 43 சதவீதமும், 800இல் 66 சதவீதமும், 1500இல் 84 சதவீதமும் ஒட்சிசனைக் கொண்டு ஆக்கப்பட்டவை என்று கண்டார்கள். மிச்சம்தான் பொஸ்போகிரியேற்றினும், ஒட்சிசன் இல்லாமல் அவசரமாக உடைக்கப்படும் கிளைக்கோசனும். உங்கள் மகனின் இரண்டு ஓட்டங்களுக்கும் முதுகெலும்பு கிளைக்கோசனும் நல்ல சுவாசமும்தான். ரின்னில் வந்திருக்கும் கிரியேற்றினோ தசையில் பொஸ்போகிரியேற்றினாக மாறி முதல் பத்து விநாடிக்கு உதவும் பொருள்.

சென்னையில் படித்த ஒருவரின் கண்டுபிடிப்பு

இந்தப் பத்து விநாடிச் சரக்கை உலகுக்குக் காட்டியவர்களில் ஒருவர் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர் என்பது பலருக்குத் தெரியாது. யெல்லப்பிரகட சுப்பாராவ், ஆந்திரத்துப் பீமவரத்தில் 1895இல் பிறந்தவர். ஒத்துழையாமைக் காலத்தில் கதர் உடுத்ததால் அறுவைப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். தகுதியோடு வெளியேறினார். அமெரிக்கா போய், பொஸ்டனில் ஆஸ்பத்திரி ஒன்றில் இரவுப் பணியாளாக வேலை செய்து படித்தார். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்பவருடன் சேர்ந்து 1927இல் பூனையின் தசையில் பொஸ்போகிரியேற்றினை இனங்கண்டார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் எகிள்டன் தம்பதியரும் அதைக் கண்டிருந்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து, 1929இல், ஏ.ரி.பி.யைப் பிரித்தெடுத்தவர்களிலும் சுப்பாராவ் ஒருவர்.

அந்தப் பூனைத் தசையில் அவர்கள் கண்டது உங்கள் மகனுக்கு நேரே பயன்படும். தசையைத் தூண்டி வேலை வாங்கினால் பொஸ்போகிரியேற்றின் கரைகிறது. ஓய்வு கொடுத்தால் திரும்ப ஊறுகிறது. மனிதத் தசையில் முதல் அரை நிமிடத்திலேயே ஏறத்தாழப் பாதி திரும்பிவிடும். முழுதாக நிரம்ப மூன்று முதல் ஐந்து நிமிடம் வேண்டும். அப்படி நிரம்புவதற்கு ஒட்சிசன் தேவை. அதனால்தான் நீண்ட தூர ஓட்டத்தில் பழகிய கால், வேக ஓட்டத்துக்குப் பிறகும் கெதியாகத் தேறுகிறது. வேகத்துக்காக 60 மீற்றர் வெடிப்போட்டம் பழகும் நாளில் ஒவ்வொன்றுக்கும் இடையில் மூன்று நிமிடமாவது விடச் சொல்லுங்கள். மூச்சு வாங்க வாங்கத் திரும்பத் திரும்ப ஓடுவது வேறு பயிற்சி. அதில் வேகம் வளராது.

ஒரு சைக்கிள், இரண்டு வைத்தியர்கள்

1966இல் சுவீடனில் யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம், எரிக் ஹல்ட்மன் என்ற இரண்டு வைத்தியர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே பயிற்சிச் சைக்கிளின் இரண்டு பக்கமும் இருவரும் அமர்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் களைத்து விழும்வரை மிதித்தார்கள். மற்றக் கால் சும்மா இருந்தது. பிறகு மூன்று நாள் மாப்பொருள் நிறைந்த சாப்பாடு. ஒவ்வொரு நாளும் இரண்டு தொடையிலும் ஊசி ஏற்றித் துளித்துளியாகத் தசையை எடுத்துப் பார்த்தார்கள். மிதித்த காலில் கிளைக்கோசன் முதலில் அடிமட்டத்துக்கு இறங்கி, பிறகு பழைய அளவையும் தாண்டி, சும்மா இருந்த காலைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்காக ஏறியது. இத்தனைக்கும் இரண்டு காலுக்கும் ஓடியது ஒரே இரத்தம், போனது ஒரே சாப்பாடு.

1992இல் அதே ஹல்ட்மனும் ரொஜர் ஹரிஸ் முதலானோரும் கிரியேற்றினைக் கொடுத்து அதே ஒற்றைக்கால் முறையில் பார்த்தார்கள். ஒரு கிலோ உலர்ந்த தசையில் 118 அலகு இருந்த கிரியேற்றின், சும்மா இருந்த காலில் 148 ஆனது. தினமும் ஒரு மணிநேரம் வேலை செய்த காலில் 162 ஆனது.

முதல் சோதனை சோற்றுச் சத்துக்கு, இரண்டாவது ரின் பவுடருக்கு. இரண்டுமே சொல்வது ஒன்றுதான்: வாயில் போடுவது உடம்புக்குள் வரும், ஆனால் வேலை செய்த தசைதான் அதைக் கூடுதலாகப் பிடித்து வைக்கும். ஜிம் பெடியளுக்கு இந்தப் பகுதி தெரியாது.

சாப்பாட்டின் பலம் எவ்வளவு என்று 1967இல் இதே குழு அளந்தது. ஒரே ஆட்களுக்கு மூன்று வகைச் சாப்பாட்டைச் சில நாள் கொடுத்து, ஓரளவு கடுமையான ஒரே வேகத்தில் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். கொழுப்பும் புரதமும் மட்டும் சாப்பிட்டபோது சராசரியாக 57 நிமிடத்தில் ஓய்ந்துபோனார்கள். கலந்து சாப்பிட்டபோது 114 நிமிடம். மாப்பொருள் நிறையச் சாப்பிட்டபோது 167 நிமிடம். எந்த ரின்னும் ஆற்றலை இப்படி மூன்று மடங்காக்கிக் காட்டியதில்லை. சோறு காட்டியிருக்கிறது. புரதப் பவுடரைத்தான் சக்தி என்று நினைத்து, சோற்றைக் குறைத்துவிட்டு ஓடும் பிள்ளைகள், அந்த ஆட்கள் முதலாவது சாப்பாட்டில் இருந்த நிலையில்தான் இருக்கிறார்கள்.

சரி, கிரியேற்றின் கெட்டதா?

கெட்டதென்று சொன்னால் அது பொய். ஊட்ட மாத்திரை, பவுடர் வகைகளில் மிக அதிகமாக ஆராயப்பட்டவற்றில் இது ஒன்று. நம்முடைய ஈரலும் சிறுநீரகமும் சதையமும் சேர்ந்து நாளொன்றுக்கு ஒரு கிராம் அளவில் இதைத் தாமே ஆக்குகின்றன. மீனிலும் இறைச்சியிலும் இருந்து இன்னும் ஒரு கிராம் வரும். 70 கிலோ எடையுள்ள ஆணின் உடம்பில் எந்த நேரமும் ஏறத்தாழ 120 கிராம் இருக்கும், அதில் 95 சதவீதம் தசையில். பவுடரை நாளுக்கு 20 கிராம் வீதம் ஐந்தாறு நாள் எடுத்தால் தசை இருப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடும். நாளுக்கு 3 கிராம் வீதம் நாலு கிழமை எடுத்தாலும் அதே மட்டத்துக்கு வந்துவிடும் என்று 1996இல் காட்டினார்கள். ஆகவே டப்பாவில் எழுதியிருக்கும் “லோடிங்” அவசியமில்லை. அதற்கு மேல் தசை ஏற்காது. குளம் நிரம்பிய பிறகு வான் பாய்வதுபோல மிச்சம் சிறுநீரோடு போய்விடும்.

பயன் எங்கே? திரும்பத் திரும்ப வரும் குறுகிய வெடிப்பு வேலைகளில்: பாரம் தூக்குதல், உதைபந்தில் மறுபடி மறுபடி பாய்ந்தோடுதல், குண்டு போடுதல். 1500 மீற்றரில் பயன் மிகக் குறைவு. மாறாக, இது தசைக்குள் தண்ணீரைப் பிடித்து வைப்பதால் முதல் கிழமையிலேயே ஒன்று இரண்டு கிலோ எடை ஏறும். மெலிந்த ஓட்டக்காரன் அந்த எடையையும் சுமந்து மூன்றே முக்கால் சுற்று ஓட வேண்டும்.

வயதைப் பொறுத்தவரை, வளர்ந்தவர்களில் உள்ள அளவுக்கு 18க்குக் கீழ்ப்பட்டவர்களில் ஆய்வுகள் இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் இந்த வயதில் இதைப் பரிந்துரைப்பதில்லை. 17 வயதில் உடம்பு தானாகவே தசை போடும் காலம். அப்போது சாப்பாட்டாலும் நித்திரையாலும் கிடைப்பதை ரின்னிலிருந்து தேட வேண்டாம்.

சிறுநீரகப் பயம் நியாயமானதுதான். வவுனியாவிலும் வெலிஓயாப் பக்கத்திலும் காரணம் சரியாகப் பிடிபடாத நாட்பட்ட சிறுநீரக நோய் இருக்கிறது என்பது நம் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. சுகமான சிறுநீரகம் உள்ள பெரியவர்களை வழக்கமான அளவு கிரியேற்றின் கெடுத்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. ஆனால் ஒரு சிக்கல் உண்டு. கிளினிக்கில் இரத்தத்தில் பார்ப்பது கிரியேற்றினின். கிரியேற்றின் சிதைந்தால் வருவது அதுதான். பவுடர் எடுப்பவருக்குச் சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் அந்த எண் சற்று ஏறிக் காட்டும். நோய் தொடங்கியிருந்தால் அது பவுடரால் ஏறியதா நோயால் ஏறியதா என்று பிரிப்பது கடினம். நம் பகுதியில் இப்படிக் குழப்பிக்கொள்வது ஆபத்து. 18 வயதுக்குப் பிறகு அவனுக்கு விருப்பமென்றால், தொடங்கும் முன்னரே இரத்தக் கிரியேற்றினினும் சிறுநீரில் புரதமும் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளட்டும். எந்த வைத்தியரிடம் போனாலும் பவுடர் எடுப்பதைச் சொல்லட்டும். ஏற்கெனவே சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் தொடவே கூடாது.

இதைவிட எனக்குக் கூடப் பயம் தருவது வேறு: வெய்யிலில் ஓடி, தண்ணி குடிக்காமல் வந்து, கால் நோவுக்கென்று பாமசியில் டைக்ளோஃபெனாக் குளிசையை வாங்கிப் போடுவது. உடம்பில் நீர் வற்றிய நேரத்தில் அந்தக் குளிசை சிறுநீரகத்தை நேரே தாக்கும். அந்தப் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

மற்ற ரின்கள்

பீ.சி.ஏ.ஏ. என்பது புரதத்தின் மூன்று துண்டுகள். மீனும் முட்டையும் பருப்பும் சாப்பிடுபவனுக்கு அது ஏற்கெனவே கிடைக்கிறது. அது சக்தி இருப்பை நிரப்பாது. “பிரீ வேர்க்கவுட்” என்று வருபவற்றில் பெரும்பாலும் கஃபீன்தான் வேலை செய்கிறது. அது களைப்பை மறைக்குமே தவிரச் சரக்கைக் கூட்டாது. பின்னேரம் குடித்தால் நித்திரையையும் கெடுக்கும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கிரியேற்றின் தடைசெய்யப்பட்ட பொருள் அல்ல. ஆனால் ரின்னுக்குள் எழுதாத பொருள் கலந்திருக்கலாம். 2004இல் ஜெர்மனியின் கொலோன் ஆய்வுகூடம், 13 நாடுகளில் வாங்கிய 634 ஊட்டப் பொருட்களைச் சோதித்ததில் 94இல் லேபிளில் இல்லாத ஹோமோன் சரக்குகள் இருந்தன. நூற்றுக்குப் பதினைந்து. “நாட்டு மருந்துதானே” என்பதும் பாதுகாப்பில்லை. கிரிக்கெட் வீரர் உபுல் தரங்க 2011 உலகக் கிண்ணக் காலத்தில் தோள் நோவுக்கு எடுத்த மூலிகை மருந்தொன்றால் பிரெட்னிசலோன் கண்டறியப்பட்டு மூன்று மாதம் தடைபெற்றார். வேண்டுமென்று எடுக்கவில்லை என்று ஏற்றுக்கொண்ட பிறகும் தடை தடைதான். இலங்கையில் 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊக்கமருந்து எதிர்ப்பு முகவரகம் இயங்குகிறது. உடம்பில் என்ன அகப்பட்டாலும் பொறுப்பு ஓடுபவனுக்கே. தம்பிக்கு நன்றி சொல்லி, அடுத்த முறை ஒரு நல்ல சோடி ஓட்டச் சப்பாத்து அனுப்பச் சொல்லுங்கள்.

சைவமும் மச்சமும்

தாவர உணவு மட்டும் உண்பவர்களின் தசையில் கிரியேற்றின் சற்றுக் குறைவு என்பது உண்மை. பச்சை மீனில் கிலோவுக்கு 3 முதல் 5 கிராம்வரை இருக்கும். சூரை மீன் 150 கிராம் துண்டொன்றில் அரைக் கிராமுக்குச் சற்று மேலே வரும். பாலில் பேருக்குத்தான். ஆனால் தசை தன் கிரியேற்றினில் நாளொன்றுக்கு நூற்றுக்கு இரண்டு பங்குகூட இழப்பதில்லை, அதையும் உடம்பு ஆக்கி நிரப்பிக்கொண்டே இருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமையோ பொங்கல் விரதமோ அந்த இருப்பை அசைக்காது. பவுடரால் ஏற்றிய கூடுதல் இருப்பே குறைய நாலு முதல் ஆறு கிழமை எடுக்கிறது. விரத நாளில் கவனிக்க வேண்டியது புரதமும் மாப்பொருளும்தான். சோறு குறையாமல், பயறும் கௌபியும் உழுந்தும் பருப்பும் தயிரும் கச்சானும் இருந்தால் காணும்.

விடியப் பயிற்சிக்கு ஒரு ஒழுங்கு

தினமும் ஒரு மணிநேரம் பயிற்சி செய்யும் பிள்ளைக்கு உடம்பின் ஒரு கிலோவுக்கு 5 முதல் 7 கிராம் மாப்பொருள் வேண்டும். 55 கிலோ என்று வைத்தால் 275 முதல் 385 கிராம். 100 கிராம் அரிசிமாவில் அவித்த புட்டில் 75 முதல் 80 கிராம்வரை உண்டு. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 20 கிராமுக்கு மேல். மூன்று நேரமும் ஒழுங்காகச் சாப்பிட்டால் நம் வீட்டுச் சாப்பாடே இதைத் தரும். சிக்கல் அளவில் இல்லை, நேரத்தில்.

ஓடி முடிந்த முதல் இரண்டு மணிநேரம்தான் தசையின் வாசல் அகலத் திறந்திருக்கும் நேரம். அப்போது கிளைக்கோசன் வேகமாக நிரம்பும். உங்கள் மகன் அந்த இரண்டு மணிநேரத்தையும் வெறுந்தேத்தண்ணியில் கழித்துவிடுகிறான். முழு இருப்பும் நிரம்ப ஒரு நாள்வரை எடுக்கும். இன்று நிரம்பாததோடு நாளை விடிய மறுபடி வெறும் வயிற்றில் ஓடினால் நாலாம் ஐந்தாம் நாளில் கால் கனக்கத்தான் செய்யும்.

இப்படி மாற்றிப் பாருங்கள். புறப்படும் முன் ஒரு வாழைப்பழம், ஒரு கோப்பை தண்ணீர், வேண்டுமானால் பனங்கட்டி ஒரு கடி. வந்து ஒரு மணிநேரத்துக்குள் புட்டோ இடியப்பமோ சோறோ, அதோடு ஒரு முட்டை அல்லது பருப்பு அல்லது மீன்குழம்பு. காலையில் நேரமில்லையென்றால் அவித்த கௌபியும் தேங்காய்ப்பூவும் கட்டிக் கொடுத்துவிடுங்கள், இடைவேளையில் சாப்பிடட்டும். ரியூசனுக்கு ஒரு பிடி கச்சானும் பழமும். இரவுச் சோற்றைக் குறைக்க வேண்டாம். வெய்யில் காலத்தில் தண்ணீரோடு கொஞ்சம் உப்பும் தேசிக்காயும். ஒரு மணிநேரத்துக்குக் குறைந்த பயிற்சிக்குக் குளுக்கோஸ் கரைசலோ எனர்ஜி ட்ரிங்கோ வேண்டியதில்லை. போட்டிக்கு முந்திய இரண்டு நாளும் பயிற்சியைப் பாதியாக்கி, சாப்பாட்டை அப்படியே விடுங்கள். அப்போது எடை அரைக் கிலோ ஏறினால் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு கிராம் கிளைக்கோசனோடும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரும் சேர்ந்துதான் தங்கும்.

இனி உங்களுக்கு

வயது ஏற ஏறத் தசை மெலியும். முதலில் மெலிபவை வேகத்துக்கான நார்கள். தசைக்குள் சக்தியை ஆக்கும் இழைமணிகளும் குறைவதால் செலவான பொஸ்போகிரியேற்றின் திரும்ப ஊறவும் பிந்தும். ஆனால் இதில் ஒரு பெரும் பங்கு வயதால் வருவதல்ல, இருந்த இடத்தில் இருப்பதால் வருவது. தொடர்ந்து நடந்தும் ஓடியும் வந்தவர்களின் தசையில் இந்தத் தேய்வு நன்றாகக் குறைகிறது. 72 வயதில் 5000 மீற்றரை வேகநடையில் முடிக்கிற உடம்பு அதற்கு உங்கள் ஊரிலேயே உள்ள சாட்சி.

சீனி வருத்தத்துக்கும் இந்த இருப்புக்கும் நேர்த் தொடர்பு உண்டு. சாப்பிட்ட குளுக்கோசைத் தசை இழுத்துக் கிளைக்கோசனாக வைக்க வேண்டும். இந்த வேலை நீரிழிவுக்காரரின் தசையில், சுகமானவரோடு ஒப்பிட்டால், பாதிக்கும் குறைந்த வேகத்தில் நடக்கிறது என்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1990இல் அளந்து காட்டினார்கள். போய்ச் சேர இடம் கிடைக்காத குளுக்கோஸ்தான் இரத்தத்தில் நிற்கிறது. இன்சுலின் சொன்னால் தசையின் கதவு திறக்கும். உங்களுக்கு அந்தச் சொல் சரியாகக் கேட்பதில்லை. ஆனால் தசை சுருங்கும்போது, இன்சுலின் சொல்லாமலே கதவு திறக்கும். நடை மருந்தாவது இப்படித்தான். அதன் பலன் ஒரு நாள், கூடினால் இரண்டு நாள்வரை நிற்கும். ஆகவே இரண்டு நாள் சேர்த்து நடக்காமல் விடாதீர்கள். சாப்பிட்ட பிறகு 10 அல்லது 15 நிமிடம் நடப்பது அந்த வேளைச் சீனி ஏற்றத்தை நன்றாகவே அடக்கும். கிழமையில் இரண்டு நாள் கதிரையில் இருந்து கை ஊன்றாமல் பத்துத் தரம் எழும்பி இருங்கள், கொஞ்சம் ஆறி இன்னும் பத்துத் தரம். தொடைதான் உடம்பின் பெரிய களஞ்சியம், அதை வளர்ப்பது உங்களுக்கு எந்தப் பவுடரையும்விட நல்லது.

நடக்கும்போது சப்பாத்து போடுங்கள், வந்து பாதத்தைப் பாருங்கள். உங்கள் குளிசை மெற்போமின் மட்டுமென்றால் நடையால் சீனி இறங்கி மயக்கம் வருவது அரிது. கிளிக்ளசைட் போன்ற குளிசையோ இன்சுலினோ இருந்தால் கையில் இனிப்பு வைத்திருங்கள், வெறும் வயிற்றில் நீண்டதூரம் நடக்காதீர்கள். நெஞ்சு இறுக்கமோ வழமைக்கு மாறான மூச்சு வாங்கலோ வந்தால் நின்றுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வருடத்துக்கு ஒருமுறை சிறுநீரும் கிரியேற்றினினும் கண்ணும் பார்க்க வேண்டும். அந்தச் சோதனைகளைத் தள்ளிப்போட வேண்டாம்.

பலன் தெரிவது எப்படி?

கண்ணாடியில் பார்த்துத் தசை இருப்பை அளக்க முடியாது. ஒரு கொப்பி போதும். கிழமையில் ஒரே நாளில், ஒரே நேரத்தில், நாலு தரம் 300 மீற்றர் ஓடட்டும், இடையில் நாலு நிமிடம் ஆறட்டும். நாலு நேரத்தையும் எழுதி வையுங்கள். முதல் ஓட்டத்தின் நேரம் பெரிதில்லை. நாலாவது ஓட்டம் முதலாவதைவிட எத்தனை விநாடி பிந்துகிறது என்பதைப் பாருங்கள். சாப்பாட்டு ஒழுங்கும் பயிற்சியும் பிடித்துக்கொண்டால் எட்டுக் கிழமையில் அந்த இடைவெளி சுருங்கும். சுருங்காவிட்டால் நித்திரை எத்தனை மணிநேரம் என்று கேளுங்கள், எட்டு மணிநேரம் வேண்டும். அதுவும் சரியென்றால் முல்லைத்தீவு ஆஸ்பத்திரியில் ஈமோகுளோபின் பார்த்துவிடுங்கள். இரத்தம் குறைந்த பிள்ளைக்கு எந்தச் சாப்பாட்டு அட்டவணையும் வேகம் தராது. அதற்குரிய வைத்தியம் வேறு.